பிளேட்லெட் 32,000... அந்த இரவு மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது என்ன?

ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருக்கும் இரவு. காய்ச்சல் வார்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் படுத்திருக்கிறான். மூன்று நாள் காய்ச்சல் இன்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. சாயங்காலம் இட்லி கேட்டுச் சாப்பிட்டிருக்கிறான். அம்மாவுக்கு இப்போதுதான் கண் அசந்தது. அப்பா மட்டும் லேப் ஜன்னலோரம் நிற்கிறார்.

"சிஸ்டர், ரிசல்ட் வந்துடுச்சா?"

உள்ளே இருப்பவர் சிஸ்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். ஆனால், அதைத் திருத்திச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. "பத்து நிமிஷம் உட்காருங்க சார்" என்று மட்டும் சொல்கிறார்.

ரிசல்ட் வந்துவிட்டது. திரையில் பிளேட்லெட் 32,000 என்று நிற்கிறது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. இதை அப்படியே அச்சிட்டு நீட்டினால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'அவசரம், ரத்தம் தேவை' என்று செய்தி பறக்கும். பெரியப்பா காரை எடுத்துக்கொண்டு வந்து, "இங்கே வேணாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்பார். யாராவது ஒருவர் டார்ச் லைட்டோடு பப்பாளி இலை தேடிக் கிளம்புவார்.

அந்த டெக்னீஷியன் பிரின்ட் பட்டனை அழுத்தவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் மெஷின் ஒரு சின்ன எச்சரிக்கைக் குறியைப் போட்டிருந்தது. முதலில் ரத்தக் குழாயைச் சாய்த்து, உள்ளே கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, காயவைத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். பரப்பின் ஓரத்துக்கு நகர்த்தியபோது விஷயம் பிடிபட்டது. தனித்தனியாக மிதக்க வேண்டிய பிளேட்லெட்டுகள் பத்து, இருபது என்று கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன.

வார்டுக்குப் போன் போனது. "டியூட்டி டாக்டரா? அந்தப் பையனோட பிளேட்லெட் ஒண்ணோடொண்ணு ஒட்டியிருக்கு சார். கவுன்ட்டை நம்ப முடியாது. நீல மூடி டியூப்ல இன்னொரு சாம்பிள் எடுத்து உடனே அனுப்பச் சொல்றீங்களா?"

இரண்டாவது சாம்பிளில் எண் 1,60,000. அந்தக் குழாயில் திரவ மருந்து இருப்பதால் ரத்தம் சற்று நீர்த்துப்போயிருக்கும். அதைச் சரிக்கட்ட 1.1 ஆல் பெருக்கினால் 1,76,000. பையன் மறுநாளும் இட்லி சாப்பிட்டான்.

இது ஏதோ ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையின் கதை இல்லை. டெங்கு சீசனில் எந்த லேபிலும் வரக்கூடிய ஓர் இரவு. சில லேப்களில் இப்படி முடிகிறது. சிலவற்றில் 32,000 என்ற எண்ணே பிரின்ட் ஆகி வெளியே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒருவருடைய படிப்பு. கல்லூரியில் படித்த படிப்பு மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் விடாமல் படித்த படிப்பு.

மூடிகளின் நிறத்தில் இருக்கும் ரகசியம்

ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் ஊதா நிற மூடிக் குழாயில், ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ என்ற ரசாயனம் இருக்கும். சிலருடைய ரத்தத்தில் இந்த ஈ.டி.டி.ஏ பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி நேரலாம். உடம்புக்குள் அவருக்கு எந்தப் பிரச்னையும் இல்லை. ஒட்டுவது குழாய்க்குள் மட்டும்தான். மெஷின் ஒவ்வொரு கொத்தையும் ஒன்று என்று எண்ணிவிடும், அல்லது பெரிதாக இருப்பதால் வேறு அணு என்று நினைத்து விட்டுவிடும். நீல மூடிக் குழாயில் இருப்பது சிட்ரேட். பெரும்பாலும் அதில் ஒட்டாது. (அபூர்வமாக அதிலும் ஒட்டும். அப்போது இன்னும் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.)

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டெங்குவில் பிளேட்லெட் நிஜமாகவே குறையும். குறைந்த எண்ணெல்லாம் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டெங்குவில் டாக்டர்கள் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்ப்பதும் இல்லை. ரத்தக்கசிவு, ரத்தத்தின் கெட்டித்தன்மை, வயிற்று வலி, வாந்தி, சிறுநீர் போகும் அளவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவில் தவறான எண் ஒன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் லேபின் வேலை.

மூடியின் நிறத்தோடு சேர்ந்த இன்னொரு ஆபத்தும் உண்டு. அது இதைவிட அடிக்கடி நடப்பது. ஊதா குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ பெரும்பாலும் பொட்டாசியம் உப்பு வடிவில் இருக்கும். அவசரத்தில் யாராவது ரத்தத்தை முதலில் ஊதா குழாயில் நிரப்பிவிட்டு, அது அதிகமாகிவிட்டது என்று கொஞ்சத்தை அடுத்த குழாயில் ஊற்றினால் போதும். அந்த இரண்டாவது குழாயில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறித் தெரியும். ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 7, 8 என்று வந்தால், இதயத் துடிப்பே நின்றுபோகலாம் என்ற அளவுக்கு அவசரநிலை. அதை நம்பி, பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் ஏற்றினால், உண்மையில் எந்தக் கோளாறும் இல்லாத ஒருவருக்குச் சர்க்கரையும் பொட்டாசியமும் கிடுகிடுவென இறங்கும்.

விஷயம் தெரிந்த டெக்னீஷியன் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பொட்டாசியம் வானத்தில் இருக்கும்போதே கால்சியம் பாதாளத்தில் இருக்கும். ஈ.டி.டி.ஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவுடன், 'இது நோயாளியின் ரத்தம் பேசுவது இல்லை, குழாய் பேசுகிறது' என்று புரிந்துவிடும். எந்தக் குழாயை எதற்குப் பிறகு நிரப்ப வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. நீலத்துக்கு அப்புறம் சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, அப்புறம்தான் ஊதா, கடைசியாகச் சாம்பல். டியூட்டி மாறி வரும் ஒவ்வொரு புது நர்ஸுக்கும், ஒவ்வொரு பயிற்சி மாணவருக்கும் இதை யாராவது மறுபடி மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

தவறு மெஷினில் நடப்பதைவிட மெஷினுக்கு வருமுன்னேயே அதிகம் நடக்கிறது என்பது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. இத்தாலியின் பதுவா நகர மருத்துவமனையில் பிளெபானி, கராரோ என்ற இருவர் 40,490 பரிசோதனைகளைப் பின்தொடர்ந்து, 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் கண்டுபிடித்த தவறுகள் 189. நூற்றுக்கு 68 தவறுகள், சாம்பிள் மெஷினுக்குள் போவதற்கு முந்தைய கட்டத்தில் நடந்தவை. பத்து வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் எண்ணினார்கள். தவறுகள் குறைந்திருந்தன, ஆனால் அப்போதும் நூற்றுக்கு 62 அந்த முதல் கட்டத்தில்தான்.

புத்தகத்தில் இல்லாத மாத்திரை

மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறவர்கள் டி.எம்.எல்.டி என்ற டிப்ளோமாவோ, பி.எஸ்சி. எம்.எல்.டி பட்டமோ முடித்தவர்கள். அரசாங்கம் இவர்களை 'ஆய்வக நுட்புநர்' என்று எழுதும். ஊர் 'ரத்தம் எடுக்கிறவங்க' என்று சொல்லும். டாக்டர் எழுதும் மருந்துக்குப் பின்னால் இவர்கள் கொடுத்த எண் இருக்கிறது என்பது நோயாளிக்குத் தோன்றுவதே இல்லை. ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் கையெழுத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

இருபது வருடத்துக்கு முன்னால் படித்து முடித்த ஒரு நுட்புநர், அன்றைய பாடங்களை ஒரு வரி விடாமல் நினைவில் வைத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் இன்று அவர் தவறு செய்ய வாய்ப்பு உண்டு. பயாட்டின் விஷயம் அதற்கு நல்ல உதாரணம்.

முடி கொட்டுகிறது என்று மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் பயாட்டின் என்ற வைட்டமின் இருக்கும். உடம்புக்கு அன்றாடம் தேவைப்படுவதைப் போலப் பல நூறு மடங்கு அளவில்கூட மாத்திரைகள் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், பல ஹார்மோன் பரிசோதனைகளின் கிட்டுக்குள்ளேயே பயாட்டின் ஒரு கொக்கி போல வேலை செய்கிறது. ரத்தத்தில் வெளியிலிருந்து வந்த பயாட்டின் நிறைய இருந்தால், அந்தக் கொக்கிகளுக்கான இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். பாதிக்கப்படும் கிட்டுகளில் தைராய்டு பரிசோதனை செய்தால் டி.எஸ்.ஹெச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் வரலாம். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய்க்கும் அதே படம்தான். முடி மாத்திரை சாப்பிட்ட பெண், இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட ஆரம்பித்துவிடலாம்.

இதைவிடப் பயங்கரமானது மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை. பயாட்டின் அந்த எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். 2017 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதைப் பற்றிப் பொதுமக்களையும் லேப்களையும் எச்சரித்தது. பயாட்டின் அதிகம் எடுத்துக்கொண்ட ஒருவருக்கு ட்ரோபோனின் தவறாகக் குறைந்து காட்டியதாகவும், அவர் இறந்துபோனதாகவும் தகவல் வந்திருப்பதாக அந்த அறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். பிறகு பல கம்பெனிகள் கிட்டுகளை மாற்றின. எல்லாம் மாறிவிட்டதா, தன் லேபில் இருக்கும் கிட் எந்த ரகம் என்பதைக் கிட்டோடு மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைப் படித்தால்தான் தெரியும். அந்தத் தாளைப் படிக்காமல் குப்பையில் போடுகிற லேப்களும் இருக்கின்றன.

ட்ரோபோனினிலேயே இன்னொரு மாற்றமும் வந்தது. புதிய நுட்பமான பரிசோதனைகள் நானோகிராம் கணக்கை மில்லிலிட்டருக்குச் சொல்லாமல் லிட்டருக்குச் சொல்கின்றன. பழைய கணக்கில் 0.014 என்பது புதிய கணக்கில் 14. பழைய எண்ணுக்குப் பழகிய கண்ணுக்கு 14 என்பது பெரிய மாரடைப்பு; புதிய அளவில் அதுவே எல்லைக்கோட்டில் நிற்கும் எண். ஒரு புள்ளி எங்கே நிற்கிறது என்பதில் ஒருவருடைய உயிர் இருக்கிறது.

காசநோய்க்குச் சளியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் தேடுவதுதான் பல பத்தாண்டுகளாக வேலை. 2010 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் மரபணு முறையிலான புதிய பரிசோதனையை அங்கீகரித்தது. இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று சொல்லிவிடும். பிறகு 2020 வந்தது. அந்த ஜனவரியில் கொரோனாவைப் பரிசோதிக்கத் தெரிந்த இடம் இந்தியாவில் புனே தேசிய வைராலஜி நிறுவனம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையத்தில் தொடங்கி, பிறகு மாவட்டம் மாவட்டமாக ஆர்.டி. பி.சி.ஆர் லேப்கள் முளைத்தன. அந்த வார்த்தையைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்தவர்கள், ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து ஊற்ற, ஒரு அறையின் காற்று இன்னொரு அறைக்குப் போகாமல் வேலை செய்ய, சில வாரங்களில் கற்றுக்கொண்டார்கள். வெளியே ஊரடங்கு, உள்ளே கவச உடைக்குள் வியர்வையோடு வகுப்பு. இந்தத் துறையில் அதைவிடப் பெரிய தொடர் கல்வி எதுவும் நடந்ததில்லை. அதற்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுத்ததாகவும் தெரியவில்லை.

வேலூரிலிருந்து வரும் பரீட்சை

1947-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மேன் என்ற இரு டாக்டர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரே மாதிரியான சாம்பிள்களைப் பல மருத்துவமனை லேப்களுக்கு அனுப்பி, விடைகளை வாங்கி ஒப்பிட்டார்கள். விடைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் எங்கெங்கோ நின்றன. லேப்களுக்கு வெளியிலிருந்து பரீட்சை வைக்கும் பழக்கம் அங்கிருந்து வளர்ந்தது.

இந்தியாவில் அந்தப் பரீட்சை என்றதும் லேப்காரர்கள் வாயில் வருவது வேலூர். சி.எம்.சி மருத்துவமனையின் வெளித்தரக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான லேப்கள் சேர்ந்திருக்கின்றன. உறைநிலையில் உலர்த்திய பொடியாகச் சாம்பிள் வரும். சொன்ன அளவு தண்ணீரை அளந்து ஊற்றி, நுரை வராமல் மெல்ல உருட்டிக் கரைத்து, மற்ற நோயாளிகளின் ரத்தத்தைப் போலவே மெஷினில் போட்டு, வந்த எண்ணை அனுப்ப வேண்டும். அதே சாம்பிளை அதே முறையில் செய்த மற்ற லேப்கள் எல்லாம் எங்கே நிற்கின்றன, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பிறகு தாள் வரும்.

'மற்ற நோயாளிகளைப் போலவே' என்ற இடத்தில்தான் மனிதர்கள் சறுக்குகிறார்கள். பரீட்சைச் சாம்பிளை மட்டும் மூன்று தடவை ஓட்டிச் சராசரி எடுப்பது, அன்றைக்கு மட்டும் மெஷினைப் புதிதாகச் சரிபார்ப்பது, பக்கத்து ஊர் லேபுக்குப் போன் போட்டு, "அண்ணே, உங்களுக்கு யூரியா எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்பது. பள்ளிக்கூடத்தில் பிட் அடித்தவனுக்கு மார்க்காவது மிச்சம். இங்கே அடிக்கும் பிட்டால் யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. சர்க்கரையைப் பதினைந்து புள்ளி கூட்டிக் காட்டும் மெஷின், மறுநாளும் அப்படியே கூட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்.

நேர்மையாக எழுதித் தோற்ற லேபில்தான் படிப்பு ஆரம்பமாகிறது. கிரியாட்டினின் எல்லை தாண்டிப் போய்விட்டது என்று தாள் வருகிறது. ஏன்? கரைத்த தண்ணீரின் அளவா, பிப்பெட் கோளாறா, ரசாயனம் ஃப்ரிட்ஜில் சரியாக இருந்ததா, மின்சாரம் போன அந்த ஞாயிற்றுக்கிழமையா? லேபில் தினமும் காலையில் எண் தெரிந்த ஒரு சாம்பிளை ஓட்டி, வரைபடத்தில் புள்ளி வைப்பது வழக்கம். லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950-ல் சொன்ன முறை. அந்தப் புள்ளிகளைப் பின்னோக்கிப் பார்த்தால், பத்து நாளாகவே கோடு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் எல்லாம் ஒரே பக்கம். தனித்தனியாகப் பார்க்காமல் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்பதற்கான விதிகளை 1981-ல் வெஸ்ட்கார்டு தொகுத்துக் கொடுத்தார். அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். தன் லேபில் ஒரு கோடு ஏறுவதைப் பார்த்தபோது புரிந்துகொண்டவர்கள் அதை மறப்பதில்லை.

முப்பது மணி நேரமும் மதியச் சாப்பாடும்

டாக்டர்களுக்கு ஐந்து வருடத்தில் 30 மணி நேரம் தொடர் கல்வி வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. லேப் நுட்புநர்களுக்கு நாடு தழுவிய பதிவேடே நெடுங்காலம் கிடையாது. 2021-ல்தான் இணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. 10 பிரிவுகளில் 56 தொழில்கள் அதில் அடங்கும். பட்டியலில் முதல் பிரிவே மருத்துவ ஆய்வகம்தான். மத்தியில் ஆணையம், மாநிலத்தில் கவுன்சில், பெயர் பதிவு என்று அமைப்பு உருவாகிறது. இதற்கு வெளியே, என்.ஏ.பி.எல் அங்கீகாரம் வாங்கிய லேப்கள் ஐ.எஸ்.ஓ 15189 என்ற சர்வதேசத் தரவிதிப்படி, ஊழியர்களின் திறமையை அவ்வப்போது சோதித்து எழுதி வைக்க வேண்டும். ஆனால், அந்த அங்கீகாரம் விரும்பினால் வாங்குவது. தெருமுனை லேப் எதற்கு வாங்கும்?

இங்கிலாந்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கே மருத்துவமனை லேப் விஞ்ஞானிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது நூற்றுக்கு இரண்டரைப் பேரைக் குலுக்கல் போல எடுத்து, 'இந்த இரண்டு வருடத்தில் என்ன கற்றுக்கொண்டாய், காட்டு' என்று கேட்பார்கள். இத்தனை மணி நேரம் என்ற கணக்கு அங்கே கிடையாது. கற்றது வேலையில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது, நோயாளிக்கு என்ன பலன் என்று எழுதிக் காட்ட வேண்டும். மணிக் கணக்கைவிட இது கடினமான கேள்வி.

மணிக் கணக்கு எப்படிப் போகும் என்பது நம் ஊரில் கருத்தரங்குக்குப் போனவர்களுக்குத் தெரியும். காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, பதினொரு மணிக்குக் காபி, கம்பெனிக்காரர் தன் புது மெஷினைப் பற்றி முக்கால் மணி நேரம், மதியம் பிரியாணி, மூன்று மணிக்குப் பாதி நாற்காலி காலி, நான்கு மணிக்கு சர்டிஃபிகேட் வாங்க மறுபடி அரங்கு நிறையும். எல்லாக் கூட்டமும் இப்படி இல்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் நாற்பது ஸ்லைடுகளைக் காட்டி, "இது மலேரியாவா, பிளேட்லெட்டா? கை தூக்குங்க" என்று கேட்டு அரங்கையே முழிக்க வைக்கும் கூட்டங்களும் உண்டு. சிவப்பணுவின் மேல் ஒரு பிளேட்லெட் உட்கார்ந்திருந்தால் மலேரியாக் கிருமி போலவே தெரியும். தப்பாகக் கை தூக்கியவர் அதைச் சாகும்வரை மறக்க மாட்டார்.

ஆனால், அந்த நல்ல கூட்டத்துக்குப் போவதற்கு லீவு வேண்டும். மாவட்டம், தாலுகா அளவில் எத்தனையோ லேப்களில் இரவு டியூட்டிக்கு ஒரே ஆள். அவர் போனால் லேபைப் பூட்ட வேண்டும். ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. கூடவே பஸ் செலவு, பதிவுக் கட்டணம். கற்றுக்கொண்டு திரும்பி வந்தால் சம்பளம் கூடுமா என்றால், அதுவும் இல்லை. 'படிக்க ஆர்வம் இல்லாதவர்கள்' என்று இவர்களைப் பற்றி மேடையில் பேசுவது சுலபம். பேசுகிறவர்களுக்கு அன்றைய தினம் பயணப்படி உண்டு.

அப்படியும் படிக்கிறவர்கள் படிக்கிறார்கள். பெரும்பாலும் மொபைலில். குழந்தை தூங்கியதும் யூடியூபில் ஒரு வகுப்பு. வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருவர் மைக்ராஸ்கோப் கண்ணாடிமேல் போனை வைத்து எடுத்த படம்: 'நண்பர்களே, இது என்ன செல்?' இரவு ஒரு மணிக்கு ஒன்பது பதில் வரும், அதில் மூன்று தப்பாக இருக்கும், காலையில் ஒரு மூத்தவர் வந்து திருத்துவார். (நோயாளியின் பெயர் தெரியாமல் படம் எடுப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான்.) அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் ஒட்டுண்ணிகளின் படங்களையும் அவற்றைக் கண்டுபிடிக்கும் பயிற்சிகளையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வெஸ்ட்கார்டின் பாடங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆங்கிலம்தான் தடை. தமிழில் இவ்வளவு தெளிவாக இன்னும் யாரும் செய்யவில்லை என்பது வெட்கமான விஷயம்.

செலவே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. நன்றாக நடக்கும் லேப்களில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். தவறு நடந்தால், அல்லது நடக்கவிருந்து நூலிழையில் தப்பினால், அதை எழுதி வைப்பார்கள். யார் செய்தார்கள் என்று எழுத மாட்டார்கள். என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது, என்ன மாற்றினோம் என்று மட்டும். வாரத்தில் ஒரு நாள் டியூட்டி மாறும் நேரத்தில் கால் மணி நேரம் அதைப் படித்துப் பேசுவார்கள். திட்டு விழும் என்று பயம் இருக்கும் லேபில் இந்த நோட்டு சுத்தமாக இருக்கும். ஒரு வருடமாக ஒரு தவறும் எழுதப்படாத நோட்டைப் பார்த்தால் அனுபவசாலிகளுக்கு அடிவயிறு கலங்கும்.

ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு

ரத்தம் கொடுக்கப் போகும்போது உங்களால் செய்ய முடிந்தவையும் உண்டு. முடி, நகம், சருமம் என்று எந்த வைட்டமின் மாத்திரை சாப்பிட்டாலும் அதை மருந்தாக மதித்து டாக்டரிடமும் லேபிலும் சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறக்காதீர்கள். அதுவும் பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும். பிளேட்லெட் திடீரென்று மிகக் குறைவாக வந்து, ஆள் தெம்பாக இருந்தால், "மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். அது லேபை அவமதிக்கும் கேள்வி இல்லை. பார்த்திருந்தால் சந்தோஷமாகச் சொல்வார்கள். "வெளித்தரப் பரீட்சையில் சேர்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ரிசல்ட் தாமதமாகிறது, மறுபடி ரத்தம் வேண்டும் என்றால் கோபப்படுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். உள்ளே யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

அந்த அப்பாவுக்கும் அன்றிரவு கோபம் வந்தது. எட்டு வயதுப் பையனுக்கு இரண்டாவது தடவை ஊசி. "முதல்லயே ஒழுங்கா எடுத்திருக்கக் கூடாதா?" என்று ஜன்னலில் சத்தம் போட்டார். டெக்னீஷியன் பதில் பேசவில்லை. ரிப்போர்ட்டின் கீழே, 'ஈ.டி.டி.ஏ குழாயில் பிளேட்லெட்டுகள் ஒட்டுகின்றன. இனிமேல் சிட்ரேட் குழாயில் எடுக்கவும்' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். "இதைப் பத்திரமா வெச்சுக்கங்க சார். அடுத்த தடவை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுங்க."

காலை ஏழரைக்கு டியூட்டி மாறியது. போன மாதம்தான் சேர்ந்த பெண், தலை ஈரம் காயாமல் ஓடி வந்தாள். கிளம்ப வேண்டியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

"ஸ்லைடு ஒண்ணு வெச்சிருக்கேன். என்னன்னு நான் சொல்ல மாட்டேன். பார்த்துட்டு சாயங்காலம் எனக்குச் சொல்லு."

"எங்கேக்கா பார்க்கணும்?"

"ஓரத்துல பாரு."